மேஜிக் லான்டர்ன் ஓட்டப் பழைய கேனான் கேமரா வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குறும்படம் எடுக்க ஆசை, டைம்லாப்ஸ் எடுக்க ஆசை, ஆனால் கையில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்துப் பதினைந்து வருடப் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, அதில் மேஜிக் லான்டர்ன் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், அந்த விலையில் வேறு எந்தக் கேமராவும் தராத வசதிகள் கிடைக்கும். ஃபோகஸ் சரியாக விழுந்த இடத்தைக் கோடிட்டுக் காட்டும். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் வரிகள் போட்டு எச்சரிக்கும். ஒலி அளவைத் திரையில் காட்டும். தனி ரிமோட் இல்லாமலே டைம்லாப்ஸ் எடுக்கும். சில மாடல்களில் ரா வீடியோவே, அதாவது சென்சாரில் விழுவதைச் சுருக்காமல் அப்படியே, பதிவு செய்யும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். மேஜிக் லான்டர்ன் கேனானின் ஃபர்ம்வேரை (கேமராவை இயக்கும் உள் மென்பொருளை) அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவதில்லை. மெமரி கார்டில் இருந்துகொண்டு அதன் கூடவே ஓடும். கார்டை மாற்றினால் பழைய கேமராதான். கேனான் இதை ஆதரிப்பதில்லை, ஏதாவது ஆனால் பொறுப்பு உங்களுடையது. வாரண்டி முடிந்து பல வருடம் ஆன கேமராவுக்கு அது பெரிய இழப்பில்லை.

இந்தத் தகவல்கள் ஆங்கிலத்தில் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து, சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கேமராவை வாங்கி ஓட்டிய பிறகு எழுதுகிறேன். விலைகள் நான் விசாரித்தபோது கேட்ட அளவுகள்தான். ஊருக்கு ஊர், பொருளின் நிலைக்கு நிலை மாறும்.

1. என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உங்களுக்கு ரா வீடியோ தேவையா, இல்லையா?

தேவையில்லை, சாதாரண வீடியோவும் புகைப்படமும் டைம்லாப்ஸும் போதும் என்றால் மேஜிக் லான்டர்ன் ஓடும் மாடல்களின் பட்டியலில் உள்ள எந்தக் கேமராவும் வேலை செய்யும். இருப்பதிலேயே நல்ல நிலையில் உள்ளதைக் குறைந்த விலைக்கு வாங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

ரா வீடியோதான் வேண்டும் என்றால் கதையே வேறு. அங்கே முடிவு செய்வது மெகாபிக்சல் இல்லை, கேமரா கார்டில் எழுதும் வேகம். கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 அளவு, 14 பிட், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 87 எம்பி (மெகாபைட்) எழுத வேண்டும். 550டி, 600டி, 60டி ஆகிய கேனான் மாடல்களின் எஸ்டி கார்டு பாதை நொடிக்கு 20 எம்பி அளவில் நின்றுவிடும். 650டி, 700டி, 100டி, 6டி, இஓஎஸ் எம் ஆகியவை 40 எம்பி அளவுக்குப் போகும். 50டி, 7டி, 5டி மார்க் 2 ஆகியவை சிஎஃப் கார்டு (எஸ்டி-யைவிடப் பெரிய பழைய வகைக் கார்டு) போடுபவை, இன்னும் வேகமாக எழுதும். 5டி மார்க் 3-இன் சிஎஃப் பாதை மட்டும்தான் அந்த 87 எம்பியை நிம்மதியாகத் தாங்கும்.

‘வேகமான கார்டு போடுங்கள், சரியாகிவிடும்' என்று கடையில் சொல்வார்கள். 600டி-யில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அந்த 20 எம்பியைத் தாண்டாது. தடை கேமராவுக்குள் இருக்கிறது, கார்டில் இல்லை. 700டி போன்றவற்றில் மட்டும் கார்டு பாதையை வேகப்படுத்தும் ஒரு துணை மாட்யூல் மேஜிக் லான்டர்னில் உண்டு. அது நல்ல கார்டோடு சேர்ந்தால் கணிசமாக உதவும்.

20 எம்பியில் ரா வீடியோவே முடியாது என்று சொல்லவில்லை. 960க்கு 540 அளவில், 10 பிட்டில் எடுத்தால் நொடிக்கு 16 எம்பிக்குள் அடங்கும். பயிற்சிக்கு, கலர் கிரேடிங் கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் அதை நம்பிக் கல்யாண வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. மாடலைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரையை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். புதியவர் என்றால் 600டி அல்லது 700டி. இரண்டிலும் திருப்பும் திரை, 3.5 மிமீ மைக் துளை உண்டு. இரண்டுக்கும் ஒரே எல்பி-இ8 பேட்டரி, அதுவும் எங்கும் கிடைக்கும். 600டி பாடி மட்டும் (லென்ஸ் இல்லாமல்) ஒன்பதாயிரத்திலிருந்து பதின்மூன்றாயிரம் வரை கேட்கிறார்கள். 700டி, 18-55 கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்து விற்கும் சாதாரண லென்ஸ்) பதினைந்து முதல் இருபதாயிரத்துக்குள் பேசி முடிக்கலாம். ரா வீடியோவை ஓரளவு தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அந்தக் கூடுதல் பணத்தை 700டி-க்குக் கொடுங்கள்.

550டி-யில் திரை திரும்பாது. மற்றபடி 600டி-க்கு அண்ணன்தான், விலையும் கொஞ்சம் குறையும். முக்காலியில் வைத்து மட்டுமே எடுப்பவர்களுக்கு இது நல்ல பேரம். 60டி-யில் எல்பி-இ6 பேட்டரி. இது நீண்ட நேரம் நிற்கும், பிடிக்கவும் உறுதியாக இருக்கும். இரவு முழுவதும் நட்சத்திரங்களை டைம்லாப்ஸ் எடுப்பவர்கள் 60டி-யைத் தேடுங்கள்.

5டி மார்க் 2 ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது பெரிய சென்சார் கொண்டது, இரவில் அழகாக எடுக்கும். ஆனால் பாடி விலை இருபதாயிரத்தைத் தாண்டும், அதன்பின் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் செலவு தனி. கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவை அதில் பொருந்தவே பொருந்தாது. 5டி மார்க் 3 தான் மேஜிக் லான்டர்ன் கேமராக்களில் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்குள் அது வராது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இழுக்கும் மூன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 1100டி-யில் மைக் துளை கிடையாது, வீடியோவும் 720 அளவுதான். டைம்லாப்ஸுக்கு மட்டும் என்றால் வாங்கலாம். 500டி-யில் மைக் துளை இல்லை, 1080 வீடியோ நொடிக்கு 20 ஃபிரேம்தான். 50டி-யில் கேனான் வீடியோ வசதியே வைக்கவில்லை. மேஜிக் லான்டர்ன் போட்டால் வீடியோ வரும், ஒலி வராது. ஒலியைத் தனி ரெக்கார்டரில் பிடிப்பவர்களுக்கு 50டி மலிவான ரா கேமரா. மற்றவர்களுக்கு வேண்டாம்.

650டி பார்க்கும்போது பிடிமான ரப்பரைக் கவனியுங்கள். 2012-இல் வந்த தொடக்கக் கால 650டி-க்களில் சிலவற்றின் ரப்பர் வெளுத்துப்போகிறது, சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரலாம் என்று கேனானே அப்போது அறிவித்தது. வெளுத்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று: 650டி, 700டி, 100டி, இஓஎஸ் எம் நான்கின் ரா வீடியோவிலும் ஃபோகஸ் புள்ளிகள் சின்னச் சின்ன வண்ணப் பொட்டுகளாகத் தெரியும். கேமரா கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். எம்எல்வி ஆப் என்ற இலவச மென்பொருள் அவற்றை நீக்கிவிடும்.

பெயர்க் குழப்பத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 600டி-க்கு அமெரிக்காவில் ரெபெல் டி3ஐ, ஜப்பானில் கிஸ் எக்ஸ்5 என்று பெயர். 550டி அங்கே டி2ஐ, கிஸ் எக்ஸ்4. 700டி என்பது டி5ஐ, கிஸ் எக்ஸ்7ஐ. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கேமரா என்றால் பெரும்பாலும் இந்தப் பெயர்தான் இருக்கும். கேமரா ஒன்றுதான், மேஜிக் லான்டர்னும் ஓடும். மெனு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் இன்னொரு பேச்சு வரும்: ‘600டி பழசு சார், அதே விலைக்கு 1300டி தர்றேன், 1500டி தர்றேன்.' புதியதுதான், உண்மை. ஆனால் அவை மேஜிக் லான்டர்னின் நிலைபெற்ற பழைய பட்டியலில் இல்லை. 3000டி, 80டி ஆகியவையும் இல்லை. இப்போதும் சில மாடல்களுக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது, புதிய பெயர்கள் சேரவும் செய்கின்றன. அதனால் வாங்கப்போகும் அன்று காலையில் மேஜிக் லான்டர்ன் தளத்தின் பதிவிறக்கப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே உங்கள் மாடலின் பெயர் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். ‘சீக்கிரம் வந்துவிடும்' என்ற நம்பிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

3. ஃபர்ம்வேர் எண்ணைப் பாருங்கள்

மாடல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாடலிலும் கேனான் ஃபர்ம்வேரின் குறிப்பிட்ட ஒரு பதிப்பில்தான் மேஜிக் லான்டர்ன் ஓடும். பலர் திணறுவது இங்கேதான்.

நெடுங்காலமாக இருந்துவரும் எண்கள் இவை: 550டி-க்கு 1.0.9, 600டி-க்கு 1.0.2, 60டி-க்கு 1.1.1, 700டி-க்கு 1.1.5, 7டி-க்கு 2.0.3, 6டி-க்கு 1.1.6, 5டி மார்க் 2-க்கு 2.1.2, 5டி மார்க் 3-க்கு 1.1.3 அல்லது 1.2.3. புதிய வெளியீடுகளில் சில மாடல்களுக்கு எண் மாறலாம், ஆகவே நீங்கள் இறக்கும் கோப்போடு எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் இதைப் பார்க்க மேலே உள்ள டயலை எம் நிலைக்குத் திருப்ப வேண்டும். பச்சைக் கட்ட ஆட்டோ நிலையில் இருந்தால் மெனுவின் பாதிப் பக்கங்கள் மறைந்துவிடும், ஃபர்ம்வேர் வரியும் கண்ணில் படாது. எம் நிலையில் வைத்து, மெனுவில் ஸ்பானர் படம் போட்ட மஞ்சள் பக்கங்களில் கடைசியில் தேடினால் எண் தெரியும்.

எண் பொருந்தாவிட்டால் உடனே கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பழைய மாடல்களில் சரியான பதிப்பின் கோப்பைக் கார்டில் போட்டு, அதே ஃபர்ம்வேர் மெனு வழியாகப் பின்னுக்குக் கொண்டுவர முடியும். பேட்டரி முழுதாக நிறைந்திருக்க வேண்டும், பாதியில் எதையும் தொடக் கூடாது. 5டி மார்க் 3-இல் மட்டும் சிக்கல்: 1.3.3 அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் கார்டு வழியாக இறங்காது. யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, கேனானின் இஓஎஸ் யுட்டிலிட்டி மூலம்தான் இறக்க வேண்டும்.

விற்பவர் நல்ல எண்ணத்தில் ‘லேட்டஸ்ட் அப்டேட் போட்டுத் தருகிறேன்' என்று சொன்னால், வேண்டாம் என்று பணிவாகத் தடுத்துவிடுங்கள். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்வது நல்லது.

4. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு படத்தை வாங்கிப் பாருங்கள்

தாம்பரத்திலிருந்து எண்ணூர் வரை போய், எண் பொருந்தவில்லை என்று திரும்புவது வீண். விற்பவரிடம் அந்தக் கேமராவில் இன்று எடுத்த ஒரு ஜேபெக் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் புகைப்படமாக இல்லாமல், ‘டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் விவரங்களை அழித்துவிடும். டாக்குமென்ட்டாக வந்தால் அப்படியே வரும். இமெயிலும் சரி.

அந்தக் கோப்பை மடிக்கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் திறந்தால் மூன்று விஷயங்கள் தெரியும்: சரியான மாடல் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு எண், பாடியின் சீரியல் எண். போனில் உள்ள சாதாரண கேலரி ஆப்கள் இவ்வளவும் காட்டாது. அந்தச் சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள். நேரில் போகும்போது கேமராவின் அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கை, இதில் வராது. கேனானின் இந்த மாடல்கள் அதைப் படத்துக்குள் எழுதுவதில்லை.

படத்தை அனுப்பவே தயங்குபவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை. வாங்க விருப்பம் உள்ளவர் கேட்கும் மிகச் சிறிய உதவி இது.

5. நேரில் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில் போங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ‘பத்து நிமிஷத்துல முடிச்சுக்கலாம்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். ரிச்சி தெரு, பர்மா பஜார் பக்கம் போகிறீர்கள் என்றால் மாலைக் கூட்டத்தைத் தவிர்த்து, கடை திறந்த சற்று நேரத்தில் போனால் கேமராவை நிதானமாகக் கையில் வைத்துப் பார்க்க விடுவார்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: வேகமான ஒரு எஸ்டி கார்டு, சின்ன டார்ச், முடிந்தால் ஒரு 3.5 மிமீ மைக், மடிக்கணினி, மினி யுஎஸ்பி கேபிள். இந்தக் கேமராக்களில் இருப்பது இன்றைய டைப் சி துளை இல்லை, பழைய மினி யுஎஸ்பி. அந்தக் கேபிள் இப்போது எல்லா வீட்டிலும் இருப்பதில்லை, முன்பே வாங்கி வையுங்கள்.

முதலில் வெளியே பாருங்கள். மூலைகளில் அடிபட்ட பள்ளம் இருக்கிறதா, அடியில் உள்ள திருகுகளில் கீறல் இருக்கிறதா. கீறல் இருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். கார்டு மூடியைத் திறந்து மூடுங்கள். அது தளர்வாக இருந்தால் கேமரா திடீரென அணையும், மேஜிக் லான்டர்ன் ஓடும்போது அது பெரும் தொல்லை. சிஎஃப் கார்டு போடும் 50டி, 7டி, 5டி வகைகளில் கார்டு துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஊசிகள் வரிசையாக நேராக நிற்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் கைவிட்டுவிடுங்கள், அதைச் சரி செய்யும் செலவு கேமரா விலையைத் தொடும்.

திருப்பும் திரை இருந்தால் லைவ் வியூவை (காட்சி பின்திரையில் நேரடியாகத் தெரியும் நிலையை) ஓடவிட்டு, திரையை மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்புங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் படம் மினுங்கினாலோ கறுத்தாலோ உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் தேய்ந்துவிட்டது என்று பொருள். மைக்கைச் சொருகி ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, சொருகிய இடத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். கரகர சத்தம் வந்தால் துளை தளர்ந்திருக்கிறது. லைவ் வியூவைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மேஜிக் லான்டர்ன் வேலை முழுக்க லைவ் வியூவில்தான், அதனால் இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்க வேண்டாம்.

அடுத்து சென்சார். லென்ஸை மூடியபடி ஐஎஸ்ஓ 3200-இல் ஒரு படம், பிறகு எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம். முதல் படத்தில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நிறைய மின்னினால் சென்சார் களைத்திருக்கிறது. இரண்டாவது படத்தில் மங்கலான கரும்பொட்டுகள் தெரிந்தால் அது தூசி, சுத்தம் செய்யலாம். ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

லென்ஸும் சேர்த்து வாங்கினால் டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸ்களில் இது மிகவும் சாதாரணம். ஃபங்கஸ் பிடித்த லென்ஸ் இலவசமாகக் கிடைத்தாலும் உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

தொடர்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டே இருங்கள், வேகமான ஷட்டரிலும் மெதுவான ஷட்டரிலும். திரையில் ‘எர்ர் 20' அல்லது ‘எர்ர் 30' வந்தால் அது மிரர், ஷட்டர் பகுதியின் இயந்திரக் கோளாறாக இருக்கும், வேண்டாம். ‘எர்ர் 01' வந்தால் லென்ஸின் தொடுபுள்ளிகளைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பல நேரம் அவ்வளவுதான்.

ஷட்டர் கவுண்ட்டை மடிக்கணினியில் கேபிள் வழியாகப் படிக்கச் சில மென்பொருள்கள் உண்டு. மேஜிக் லான்டர்னின் டீபக் மெனுவும் காட்டும், ஆனால் அதற்கு அதை நிறுவ வேண்டும். நிறுவினால் கேமராவுக்குள் ஒரு சிறு குறியீடு மாறும். இன்னொருவர் கேமராவில் அவர் அனுமதி இல்லாமல் அதைச் செய்வது முறையில்லை. விளக்கிச் சொல்லிக் கேளுங்கள், சம்மதித்தால் செய்யுங்கள். 60டி, 6டி வகைகளின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்கும், 7டி, 5டி மார்க் 2, மார்க் 3 ஒன்றரை லட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டியும் ஓடும், ஓடாமலும் போகும். வீடியோவுக்கு மட்டும் பயன்படுத்தப் போகிறவர்கள் இந்த எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எனக்கு மைக் துளையும் திரையும்தான் முக்கியம்.

6. ரசீதும் சீரியல் எண்ணும்

கேமரா அடிக்கடி திருடு போகும் பொருள். அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் எண்களைச் சரிபாருங்கள். கேமராவின் அடியில் உள்ள எண், பெட்டி மேல் ஒட்டிய எண், பில்லில் உள்ள எண், நீங்கள் முன்பே படத்திலிருந்து எடுத்த எண், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியும் பில்லும் தொலைந்துவிட்டது என்பது பழைய கேமராவில் சகஜம், அதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். ஆனால் அடியில் உள்ள எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, படத்தில் இருந்த எண்ணோடு பொருந்தாவிட்டாலோ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தனி நபரிடம் வாங்கினால் வெள்ளைத் தாளில் ஒரு ரசீது எழுதி வாங்குங்கள்: விற்பவர் பெயர், முகவரி, மாடல், சீரியல் எண், தொகை, தேதி, ‘இது என் சொந்தப் பொருள், இன்னாருக்கு விற்றுவிட்டேன்' என்ற ஒரு வரி, கையெழுத்து. அவரது அடையாள அட்டையின் நகல் ஒன்றும் கேளுங்கள். ஆதார் தரத் தயங்கினால் ஓட்டுநர் உரிமம் போதும். பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினால் அதுவே இன்னொரு சான்று. பொருளைப் பார்க்கும் முன் முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் பழுது வந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதே பில்லில் எழுத வைக்க வேண்டும். வாயால் சொல்லும் ‘ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி' எழுத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே கொள்ளுங்கள்.

7. கேமரா விலைக்கு மேல் ஆகும் செலவு

பன்னிரண்டாயிரத்துக்கு பாடி வாங்கினால் கையில் இன்னும் நான்காயிரம் ஐயாயிரமாவது இருக்க வேண்டும். பழைய பேட்டரி பெரும்பாலும் தளர்ந்திருக்கும், லைவ் வியூவில் சட்டென்று இறங்கிவிடும். எல்பி-இ8 வகையில் வேறு நிறுவனப் பேட்டரி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, இரண்டு வாங்குங்கள். சார்ஜர் கூட வருகிறதா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம், அதே நேரம் வீண்செலவும் வேண்டாம். 600டி-க்கு 32 ஜிபி நல்ல நிறுவனக் கார்டு போதும். ரா எடுப்பவர்களுக்கு 64 ஜிபி அல்லது 128 ஜிபி தேவை. அந்த 87 எம்பி கணக்கில் 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். சிஎஃப் கார்டு போடும் கேமரா வாங்குபவர்கள் கார்டின் விலையை முதலில் விசாரியுங்கள். மலிவான 50டி-யோடு வேகமான சிஎஃப் கார்டும் அதற்கான ரீடரும் சேர்ந்தால் மொத்தச் செலவு 700டி-யைத் தாண்டிவிடலாம்.

போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே எட்டு ஜிபி இருக்கும். கார்டு வந்த அன்றே கணினியில் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்ப்பதால் சில மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம்.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 550டி, 600டி, 60டி ஆகியவற்றில் சாதாரண 1080 வீடியோ ஒரு கோப்பு 4 ஜிபி ஆனதும், அதாவது சுமார் பன்னிரண்டு நிமிடத்தில், நின்றுவிடும். மேஜிக் லான்டர்ன் அதைத் தானாக மறுபடி தொடங்கி வைக்கும், ஆனால் நடுவில் சிறிய இடைவெளி விழும். அரங்கேற்றம், கச்சேரி போன்றவற்றுக்கு அந்த இடைவெளி தலைவலி. 650டி, 700டி, 6டி ஆகியவை கோப்பைத் தாமே பிரித்துக்கொண்டு 29 நிமிடம் 59 நொடி வரை தொடர்ந்து ஓடும்.

8. நிறுவுவது

எல்லாம் சரியாக இருந்தால் இது கால் மணி நேர வேலை.

கேமராவில் சொந்தமாக மாற்றிய அமைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுவாருங்கள். கார்டைக் கணினியில் இல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். உங்கள் மாடலுக்கும் எண்ணுக்கும் உரிய மேஜிக் லான்டர்ன் ஜிப் கோப்பை இறக்கி, பிரித்து, உள்ளே இருப்பவை அனைத்தையும் கார்டின் முதல் அடுக்கிலேயே போடுங்கள். இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டால் கேமரா கண்டுகொள்ளாது. நிறைந்த பேட்டரி, டயல் எம் நிலையில். மெனுவில் ஃபர்ம்வேர் வரியைத் தேர்ந்தெடுத்து அப்டேட் கொடுங்கள். பச்சைத் திரையில் வெற்றி என்று வந்ததும் அது சொல்வதைப் போலக் கேமராவை அணைத்து மறுபடி இயக்குங்கள். அதன்பின் டிஎஸ்எல்ஆர்களில் குப்பைத் தொட்டி பொத்தானை அழுத்தினால் மேஜிக் லான்டர்ன் மெனு திறக்கும்.

தினசரிப் பழக்கத்தில் இரண்டு விஷயம் மாற வேண்டும். கார்டு மூடியைத் திறந்த உடனே கார்டை உருவாதீர்கள். சிவப்பு விளக்கு முழுதாக அணையும் வரை, சில நொடிகள், காத்திருங்கள். ஃபார்மேட் செய்யும்போது மேஜிக் லான்டர்னை வைத்துக்கொள்ளும் தேர்வு திரையில் வரும், அதை விட்டுவிடாதீர்கள். கார்டிலிருந்து அதன் கோப்புகள் மட்டும் அழிந்து, துவக்கக் குறி (இந்தக் கார்டிலிருந்து தொடங்கு என்று கேமராவுக்குச் சொல்லும் அடையாளம்) மட்டும் மிஞ்சினால் கேமரா உயிரற்றது போல நிற்கும். பயப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, வேறு கார்டு போட்டால் எழுந்துவிடும்.

முதல் நாளே எல்லா மாட்யூல்களையும் இயக்க வேண்டாம். ஃபோகஸ் கோடும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் போட்டு ஒரு வாரம் பழகுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள். கடையின் சோதனைக் காலம் முடிவதற்குள் இரண்டு மணி நேர டைம்லாப்ஸ் ஒன்றைக் கட்டாயம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஷட்டர், பேட்டரி, கார்டு மூன்றின் குறையும் அதில் வெளிப்பட்டுவிடும்.

9. ஐயாயிரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றால்

டிஎஸ்எல்ஆரை விடுங்கள். கேனான் பவர்ஷாட் வகைச் சிறிய கேமராக்களுக்கு சிஎச்டிகே என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ரா புகைப்படம், டைம்லாப்ஸ், அசைவு தெரிந்ததும் தானாகப் படம் எடுப்பது, நீங்களே எழுதும் சிறு ஸ்கிரிப்டுகள் எல்லாம் இதில் உண்டு. மின்னல் படம் எடுக்க, பட்டத்தில் கட்டி மேலிருந்து எடுக்க, தோட்டத்துச் செடி வளர்வதைப் பதிவு செய்ய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஜி10, ஜி12, எஸ்90, எஸ்95, எஸ்எக்ஸ் வரிசை, பழைய ஏ வரிசையில் பல மாடல்கள் இதை ஓட்டும். ரா வீடியோ கிடையாது.

இங்கேயும் ஃபர்ம்வேர் எண்தான் முக்கியம், இன்னும் கண்டிப்பாக. ஒரே மாடலில் 1.00பி, 1.00சி என்று பல பதிப்புகள் வெளிவந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. உங்கள் கையில் உள்ள எண்ணுக்கு யாரும் கோப்பு உருவாக்காமல் இருந்தால் அந்தக் கேமராவில் ஓடாது. டிஎஸ்எல்ஆர் போல எண்ணைப் பின்னுக்கு இழுக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். படத்தை டாக்குமென்ட்டாக வாங்கி எண்ணைப் பார்க்கும் வழி இங்கே இருமடங்கு உதவும். ஏசிஐடி என்ற சிறு கருவியில் அந்தப் படத்தை இழுத்துப் போட்டால் மாடல், எண், அதற்குரிய கோப்பு உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுப் பொத்தானைப் பூட்டிய நிலையில் வைத்தால்தான் சிஎச்டிகே தானாகத் துவங்கும். பூட்டியிருந்தாலும் படங்கள் பதிவாகும், சிஎச்டிகே அந்தப் பூட்டைப் பொருட்படுத்தாது. மிகப் பழைய மாடல்களுக்கு 4 ஜிபிக்கு உட்பட்ட கார்டே வசதி. அது இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பது அரிது, ஆகவே கேமரா விற்பவரிடமே பழைய கார்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.